அழகைப் பார்க்காதீங்க... வேலையைப் பாருங்க!

என் சகலை வீட்டில் பிறந்தநாள் விழா. மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி ஃபிளாட். ஒன்பது வயசுப் பையனுக்குப் பிறந்தநாள் என்றால் கேட்க வேண்டுமா? பதினைந்து வாண்டுகள். ஹாலில் ஒரே ஓட்டம், ஒரே கூச்சல். அவர்களுக்கு நடுவே அந்த வீட்டு நாய். கறுப்பும் வெள்ளையுமாக, பட்டுப் போன்ற முடியோடு, பார்த்தவுடனே கொஞ்சத் தோன்றும் பார்டர் கோலி. வயசு ஒன்றரை.

நாய் குழந்தைகளைச் சுற்றிச் சுற்றி வந்தது. முதலில் எல்லோரும் சிரித்தோம். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால், வாண்டுகள் அத்தனை பேரையும் சோபாவுக்கும் டி.வி. ஸ்டாண்டுக்கும் நடுவே ஒரு மூலையில் ஒதுக்கி நிறுத்திவிட்டது! ''அட, எல்.கே.ஜி. மிஸ் மாதிரியே பண்றதே!'' என்று யாரோ கைகூடத் தட்டினார்கள்.

அந்த மூலையிலிருந்து ஒரு பையன் மட்டும் கத்திக்கொண்டே வெளியே ஓடினான். நாய் பாய்ந்தது. குதிகாலில் ஒரு கவ்வு. ஆழமான காயம் இல்லை. இரண்டு பல் பதிந்த கீறல். ஆனால் பையன் போட்ட அலறலில் கேக் வெட்டுவது நின்றுபோயிற்று.

பக்கத்து ஃபிளாட் மாமி காபித்தூள் டப்பாவோடு ஓடி வந்தார். நான் தடுத்துவிட்டு, பையனைக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் முழுசாகப் 15 நிமிஷம் கழுவினோம். பிறகு ஆஸ்பத்திரி. ''எங்க நாய்க்குத்தான் ஊசியெல்லாம் போட்டிருக்கே'' என்று சகலையின் மனைவி சொல்லிப் பார்த்தாள். இருக்கட்டுமே! பையனுக்கு ஊசி வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்தானே தவிர, நீங்களோ நானோ இல்லை.

ராத்திரி வீட்டில் பஞ்சாயத்து. ''இது கடிநாய். யார்கிட்டயாவது குடுத்துடலாம்.'' பிறந்தநாள் பையன் நாயைக் கட்டிக்கொண்டு அழுகிறான்.

நான் சொன்னேன்: ''அதுக்குப் பைத்தியமும் பிடிக்கலை, கெட்ட புத்தியும் வரலை. மந்தையிலேருந்து ஒரு ஆடு பிரிஞ்சு ஓடிச்சு. திருப்பிக் கொண்டுவரப் பார்த்துது. அதோட பரம்பரைத் தொழிலே அதுதான். வாங்கறப்போ அந்தத் தொழிலைப் பத்தி ஒருத்தராவது விசாரிச்சீங்களா?''

ஒருவரும் பதில் பேசவில்லை.

நான் கால்நடை டாக்டர் இல்லை. முப்பது வருஷமாக நாய் வளர்க்கிறவன், அவ்வளவுதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அழுத்தமான அபிப்பிராயம் உண்டு. ஆடு மாடு மேய்க்கப் பிறந்த நாய்கள் நம் ஊர் வீடுகளுக்கு நிறைய வந்துவிட்டன. அல்சேஷன் எப்போதோ வந்தது. இப்போது பார்டர் கோலி, ஷெல்டி, கார்கி என்று செல்போனில் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். ''ரொம்ப புத்திசாலி நாய் சார்'' என்று சொல்லி விற்கிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் பாதி உண்மை. அந்தப் புத்திக்குத் தினமும் தீனி போட வேண்டும் என்கிற மறுபாதியை யாரும் சொல்வதில்லை.

'நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். மற்ற நாய்களுக்கு அது வேடிக்கைப் பேச்சு. மந்தை நாய்க்கோ அது நூற்றுக்கு நூறு நிஜம். நீங்கள் வேலை கொடுக்காவிட்டால் அதுவே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும். அது தேடிக்கொள்ளும் வேலை உங்களுக்குப் பிடிக்காது!

கடைசிக் காட்சி இல்லாத வேட்டை

மந்தை நாய் என்றால் என்ன? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இது புரிந்துவிட்டால் எந்த ஜாதி எந்த வீட்டுக்குச் சரிப்படும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

ஓநாய் வேட்டையாடுவதில் சில படிகள் உண்டு. இரையைக் கண்ணால் கண்டுபிடிக்கும். வைத்த கண் வாங்காமல் முறைக்கும். பதுங்கிப் பதுங்கிக் கிட்டே போகும். துரத்தும். கவ்வும். கடைசியில் கொல்லும். நாயும் அந்த வம்சம்தான். மேய்ப்பர்கள் பல தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து இனம் பெருக்கியதில், இந்தப் படிகளில் தங்களுக்கு வேண்டியதை மட்டும் வளர்த்து, வேண்டாததை மழுங்கடித்துவிட்டார்கள். முறைக்கலாம், துரத்தலாம், கொல்லக் கூடாது. கடைசிக் காட்சியை வெட்டிவிட்ட வேட்டை அது.

எந்த ஜாதியில் எந்தப் படி தூக்கலாக இருக்கிறது என்பதில்தான் வித்தியாசமே. ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

பார்டர் கோலி: கண்ணாலேயே மேய்ப்பவர்

இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்புற மலைகள்தான் இதன் சொந்த ஊர். மலைச்சரிவில் ஆடுகள் தன்னிஷ்டத்துக்குப் பரவி மேயும். மேய்ப்பர் கீழே நின்று ஒரு விசில் கொடுப்பார். நாய் பெரிய வட்டமடித்து ஓடி, மந்தைக்குப் பின்னால் போய், குரைக்காமல், கடிக்காமல், தலையைத் தாழ்த்தி ஒரு முறைப்பு முறைக்கும். ஆடுகள் மொத்தமாக நகர்ந்து மேய்ப்பரிடம் வந்துவிடும். 'முறைப்பது, பதுங்குவது' இரண்டும் இதன் ரத்தத்தில் தூக்கலாக இருக்கிறது.

1893-ல் நார்த்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்ற மேய்ப்பரிடம் பிறந்த 'ஹெம்ப்' என்கிற நாயைத்தான் இந்த ஜாதிக்கே மூதாதை என்று கொண்டாடுகிறார்கள். அதற்கும் முன்பே, 1873-ல், வேல்ஸில் பாலா என்ற ஊரில் ஆட்டு நாய்ப் போட்டி நடந்திருக்கிறது. எந்த நாய் அழகு என்று பார்க்கிற போட்டி இல்லை. எது நன்றாக வேலை செய்கிறது என்று பார்க்கிற போட்டி! அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தி? அசாத்தியம். அமெரிக்காவில் ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற மனோதத்துவப் பேராசிரியர், 'சேஸர்' என்ற தன் பார்டர் கோலிக்கு 1,022 பொம்மைகளின் பெயரைக் கற்றுக்கொடுத்தார். 2011-ல் அந்த ஆராய்ச்சி வெளியானபோது உலகமே மூக்கில் விரல் வைத்தது. இந்த 1,022-ஐச் சொல்லித்தான் இன்றைக்கும் குட்டி விற்கிறார்கள். ஆனால் அதற்காக அந்த மனிதர் மூன்று வருஷம், தினமும் நாலைந்து மணி நேரம் அந்த நாயோடு உட்கார்ந்தார் என்பதை யாராவது சொன்னார்களா?

இதே நாயை ஃபிளாட்டில் அடைத்துவிட்டு நீங்கள் ஆபீஸ் போனால் என்ன ஆகும்? சுவரில் ஓடும் நிழலைத் துரத்தும். ஃபேன் சுழல்வதையே முறைத்துக்கொண்டு நிற்கும். வாசலில் போகிற பைக்கை மந்தையாக நினைத்து வளைக்கப் பார்க்கும். தீபாவளி வெடிச் சத்தத்துக்குக் கட்டிலடியில் போய் ஒடுங்கும். காரணம், விசிலின் சின்ன ஏற்ற இறக்கத்தைக்கூடக் கேட்கப் பழகிய வம்சத்தின் காது அது.

வேலைக்கு என்றால் இதற்கு ஈடு கிடையாது. துணைக்கு? ஓடியாடுகிற, நேரம் ஒதுக்க முடிகிற வீட்டுக்கு மட்டும். மற்றவர்கள் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது நல்லது.

ஜெர்மன் ஷெப்பர்டு: நடமாடும் வேலி

நாம் அல்சேஷன் என்று கூப்பிடுவது இதைத்தான். முதல் உலகப் போர் சமயத்தில் பிரிட்டனில் 'ஜெர்மன்' என்ற வார்த்தையே ஆகாமல் போய்விட்டதால், அல்சேஸ் என்ற பகுதியின் பெயரை வைத்து இப்படி மாற்றினார்கள். 1977-ல் அங்கேயே பழைய பெயரை அனுமதித்துவிட்டார்கள். நம் ஊரில்தான் அல்சேஷன் இன்னும் அல்சேஷனாகவே இருக்கிறது!

இது செய்த வேலை வேறு மாதிரி. ஜெர்மனியில் மலைச்சரிவு மேய்ச்சல் மட்டுமில்லை, வேலியில்லாத வயல்களும் உண்டு. ஒரு பக்கம் புல், பக்கத்திலேயே அடுத்தவன் பயிர். ஆடு பயிரில் வாய் வைத்துவிடக் கூடாது. நாய் வரப்போரமாகவே நாள் முழுக்க முன்னும் பின்னும் நடைபோடும். மீறுகிற ஆட்டைத் திருப்பி விடும். கேட்காவிட்டால் ஒரு பிடி பிடிக்கவும் செய்யும். ஆக, இது ஓர் உயிருள்ள வேலி. 'இதுதான் எல்லை, இதைத் தாண்டக் கூடாது' என்பது இதன் மனசில் ஊறிய விஷயம்.

இப்போது புரிகிறதா, இது ஏன் கேட்டருகிலேயே நடைபோடுகிறது என்று? போலீசும் ராணுவமும் ஏன் இதைத் தேடிப் போயின என்று?

1899-ல் கார்ல்ஸ்ரூ என்ற ஊர் நாய்க் கண்காட்சியில், மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற முன்னாள் குதிரைப்படை அதிகாரி ஒரு நாயைப் பார்த்தார், வாங்கினார். ஹெக்டர் என்றிருந்த பெயரை ஹோராண்ட் என்று மாற்றி, அதையே இந்த ஜாதியின் முதல் நாயாகப் பதிவு செய்தார். தோற்றத்தைவிட வேலைத் திறமைதான் முக்கியம் என்று கடைசிவரை வாதாடிய மனிதர் அவர். பிற்பாடு கண்காட்சிக்காகவே முதுகு சரிந்து, பின்னங்கால் தாழ்ந்து நிற்கிற மாதிரி இதை வளர்த்தவர்கள் உண்டு. அவர் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

துணையாக எப்படி? பார்டர் கோலி அளவுக்குப் பரபரப்பு கிடையாது. வீட்டு மனிதரோடு ஒட்டிக்கொள்ளும். கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்ட 1916-லேயே ஜெர்மனியில் நாய்களைப் பழக்கத் தொடங்கிவிட்டார்கள். பிரிட்டனில் 1931-ல் பயிற்சி முடித்த முதல் நாலு வழிகாட்டி நாய்களும் இந்த ஜாதிதான்.

ஆனால் மூன்று விஷயம் யோசியுங்கள். ஒன்று, உடம்பு. நன்றாக வளர்ந்த ஆண் நாய் 30 முதல் 40 கிலோ இருக்கும். பாட்டி சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போனால், யார் யாரைக் கூட்டிப் போகிறார்கள் என்று சொல்ல முடியாது! இரண்டு, இடுப்பு. இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் போகிற பரம்பரைக் கோளாறு இந்த ஜாதியில் அதிகம். குட்டியைக் கொழுகொழுவென்று வளர்ப்பதும், வழுக்குகிற டைல்ஸ் தரையில் ஓட விடுவதும் அதை இன்னும் மோசமாக்கும். மூன்று, அந்நியர். சின்ன வயசிலேயே நாலு மனிதரைப் பார்த்துப் பழகாமல் கட்டியே போட்டு வளர்த்தால், வருகிறவர் போகிறவர் எல்லோரையும் எல்லை மீறியவராகவே நினைக்கும்.

தனி வீடு, பழக்கத் தெரிந்த ஆள், தினமும் இரண்டு வேளை நடை. இந்த மூன்றும் இருந்தால் வேலைக்கும் துணைக்கும் சமமாகப் பொருந்துகிற நாய் இதுதான் என்பது என் கட்சி.

சின்ன அல்சேஷனா? உஷார்!

அச்சு அசல் அல்சேஷன் மாதிரியே, ஆனால் கொஞ்சம் மெலிந்து, கறுத்த முகத்தோடு ஒரு நாயை இப்போது பார்க்கலாம். பெல்ஜியன் மலினாய். அதுவும் மந்தை நாய்தான். அமெரிக்கப் படையினர் 2011-ல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் ஒசாமா பின் லேடனைத் தேடிப் போனபோது கூடப் போன 'கெய்ரோ' இந்த ஜாதி. நம் நாட்டுப் பாதுகாப்புப் படைகளிலும் இருக்கிறது.

''அவ்வளவு கெட்டிக்கார நாயா! நாமும் ஒன்று வாங்கலாமே?'' வேண்டாம் சார். படையில் அதற்கென்றே பயிற்சி பெற்ற ஒரு ஆள் இருக்கிறார். தினமும் பயிற்சி இருக்கிறது. உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? சோபா இருக்கிறது. ஒரே வாரத்தில் அதுவும் இருக்காது! மலினாய் வேலைக்கு மட்டுமே. இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்ள மாட்டேன்.

லாஸி வீட்டுக்காரர்கள் கவனிக்க

நீள முகம், கழுத்தைச் சுற்றிச் சிங்கப் பிடரி போல முடி. லாஸி சினிமா பார்த்தவர்களுக்குத் தெரியும். ரஃப் கோலி. 1943-ல் வந்த முதல் லாஸி படத்தில் அந்தப் பெண் நாய் வேஷம் போட்டது 'பால்' என்ற ஆண் நாய்! இதையே அப்படியே சின்னதாக்கின மாதிரி இருப்பது ஷெல்டி. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் தீவுகளில் பிறந்தது.

மந்தை நாய்களில் வீட்டுத் துணைக்கு ரொம்பச் சாது என்று நான் சொல்வது இந்த இரண்டையும்தான். குழந்தைகளோடு ஒத்துப்போகும். முறைப்பும் கவ்வும் குறைவு. பதிலுக்கு வாய் ஜாஸ்தி. குரைத்துத்தான் மந்தையை நகர்த்தும் பழக்கம். அடுத்த ஃபிளாட்காரர் நல்லவரா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். தினமும் சீப்பெடுத்து முடி வாரவும் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு விஷயம். இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கோலி வம்சத்தில் நிறைய நாய்களுக்கு ஒரு மரபணுக் குறை உண்டு. சில மருந்துகள் மூளைக்குள் போய்விடாமல் வெளியே தள்ளுகிற காவல்காரன் அவற்றுக்குச் சரியாக வேலை செய்வதில்லை. 2001-ல் அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். சொறி, உண்ணிக்கு 'ஐவர்மெக்டின்' என்ற மருந்தைச் சர்வசாதாரணமாகக் கொடுக்கிறோம் இல்லையா? மற்ற நாய்கள் தாங்குகிற அளவு, இந்தக் குறை உள்ள நாய்க்கு விஷம். தள்ளாடும், எச்சில் வடியும், வெட்டி வெட்டி இழுக்கும், நினைவு தப்பும், உயிரே போகலாம்.

மனிதருக்கு வயிற்றுப்போக்கு நிற்கக் கொடுக்கும் 'லோபரமைடு' மாத்திரையும் அப்படித்தான். வீட்டில் இருக்கிறதே என்று பாதி உடைத்துக் கொடுக்கிறவர்கள் உண்டு. கொடுக்காதீர்கள்! ரஃப் கோலி, ஷெல்டி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு, இவற்றின் கலப்பு எதுவாக இருந்தாலும், ''டாக்டர், இது கோலி வம்சம்'' என்று ஊசி போடுவதற்கு முன்பே வாய் திறந்து சொல்லுங்கள்.

குதிகால் கவ்விகள்

ஆடு முறைத்தால் நகரும். மாடு நகருமா? ''போடா'' என்று நிற்கும். அதற்கு இன்னொரு ரகம். பின்னால் போய்க் குதிகாலில் 'வெடுக்'கென்று ஒரு கவ்வு. மாடு உதைப்பதற்குள் தரையோடு தரையாகப் படுத்துவிடும். வேல்ஸ் நாட்டுக் கார்கியின் குட்டைக்கால் ரகசியம் இதுதான். 1944-ல், தன் 18-வது பிறந்தநாளுக்கு வந்த 'சூசன்' என்ற கார்கியிலிருந்து தொடங்கி, வாழ்நாளெல்லாம் இந்த ஜாதியையே வளர்த்தவர் மறைந்த இரண்டாம் எலிசபெத் ராணி.

உருவத்தில் சின்னது என்பதால் கார்கி ஃபிளாட்டில் அடங்கும். ஆனால் மனசில் அது மாட்டு மேய்ப்பன். தவழுகிற, ஓடுகிற குழந்தை இருக்கும் வீட்டில் குதிகால் ஜாக்கிரதை. சாப்பாட்டுப் பிரியன் வேறு. கொழுத்தால் அந்த நீள முதுகு தாங்காது. ஆஸ்திரேலியன் கேட்டில் டாக் இதே தொழிலில் இன்னும் முரடு. டிங்கோ என்ற காட்டு நாயின் ரத்தம் கலந்தது. பண்ணைக்கு வரம், ஹாலுக்குச் சாபம்.

நம்ம ஊர் நாய்?

''ஏன் சார், நம்ம ஊர்ல ஆடு மேய்க்கிற நாயே இல்லையா?'' என்று கேட்பீர்கள். ராமநாதபுரம் பக்கம் கீதாரிகள் கிடை போடுகிற இடத்தில் நாய் இருக்கும். ஆனால் ஆட்டை ஓட்டுவது அதன் வேலை இல்லை. ஓட்டுவதற்கு மனிதன் குரலும் கம்பும் போதும். ராத்திரியில் நரியும் திருடனும் வராமல் பார்ப்பதே நாயின் வேலை. இமாச்சலத்தில் கத்தி இனத்து மேய்ப்பர்களின் நாய்களும் அப்படித்தான். சிறுத்தை கழுத்தைக் கவ்விவிடாதபடி முள் வைத்த இரும்புப் பட்டை கட்டி மந்தையோடு அனுப்புவார்கள்.

இவை காவல் நாய்கள். மேய்ப்பு நாய் வேறு, மந்தைக் காவல் நாய் வேறு. வெளிநாட்டிலும் 'ஷெப்பர்டு' என்று பெயர் வைத்துக்கொண்ட பெரிய உருவங்கள் சில உண்டு: அனடோலியன், காகேஷியன் போன்றவை. அவை ஓநாயையே எதிர்த்து நிற்கப் பிறந்தவை. பெயரைப் பார்த்து அல்சேஷனின் அண்ணன் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் வேட்டை நாய்கள். அது தனிக் கதை.

துணை மட்டும் போதும், வேலை கொடுக்க நேரமில்லை என்கிறீர்களா? தெருவில் பிறந்த நாட்டு நாய்க் குட்டியை எடுத்து, ஊசி போட்டு வளர்த்துப் பாருங்கள். நம் வெயிலுக்கு அதன் உடம்பு எப்போதோ பழகிவிட்டது.

வாங்கிவிட்டோம், என்ன செய்ய?

சரி, ஏற்கெனவே வீட்டில் ஒரு மந்தை நாய் இருக்கிறது. விரட்டியா விடுவது? கூடாது. வேலை கொடுங்கள். ஆடு வேண்டியதில்லை.

காலைச் சாப்பாட்டில் பாதியைத் தட்டில் வைக்காமல் வீட்டில் நாலைந்து இடத்தில் ஒளித்துவைத்துத் தேடச் சொல்லுங்கள். மூக்குக்கு வேலை கொடுத்தால் உடம்பும் மனசும் சேர்ந்து களைக்கும். பொம்மைக்குப் பெயர் வைத்து, ஒவ்வொன்றாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். செருப்பை எடுத்துவருவது, பேப்பரை எடுத்துவருவது எல்லாமே அதற்கு ஆபீஸ் மாதிரிதான்.

நடை, சூரியன் ஏறுவதற்கு முன்னும் இருட்டிய பிறகும். இவற்றுக்கு இரட்டை அடுக்கு முடி. நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். மே மாதம் பகல் பதினோரு மணிக்குத் தார் ரோட்டில் கூட்டிப் போவது, தெரிந்தே செய்கிற கொடுமை. வெயில் காலம் என்று ஒட்ட மொட்டையடிக்கவும் வேண்டாம். அந்த முடி வெயிலையும் மறைக்கிறது.

குழந்தைகளுக்கும் ஒரு பாடம் சொல்லிக்கொடுங்கள். நாய் வளைத்துக்கொண்டு வந்தால் ஓடாதே, கத்தாதே, மரம் மாதிரி நில். ஓடாத ஆட்டை எந்த மேய்ப்பு நாய்க்கும் பிடிக்காது, போரடித்துப் போய்விடும். சின்னக் குழந்தையையும் நாயையும், எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும், தனியாக விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள்.

வெறிநாய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் தொடங்கி, டாக்டர் சொல்கிறபடி வருஷா வருஷம். பல் பட்டால் சோப்பு, தண்ணீர், 15 நிமிஷம், பிறகு டாக்டர். காபித்தூள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எல்லாம் அடுப்படியிலேயே இருக்கட்டும்.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், குட்டியைப் பார்ப்பதற்கு முன் தாயைப் பாருங்கள். அது எப்படி நடக்கிறது, அந்நியரிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று கவனியுங்கள். ஷெப்பர்டு என்றால் தாய், தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே கேளுங்கள். ''அதெல்லாம் எதுக்கு சார்?'' என்பவரிடம் வாங்க வேண்டாம். எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து வாங்காதீர்கள்.

சகலை வீட்டு நாய் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. கொடுக்கவில்லை. சகலை இப்போது காலை ஐந்தேகாலுக்கு எழுந்து ஒரு மணி நேரம் அதோடு நடக்கிறார். பையன் பொம்மைப் பெயர் சொல்லிக்கொடுக்கிறான். இதுவரை பதினாலு பெயர் ஆகியிருக்கிறது. வாண்டுகள் வந்தால் நாய்க்குப் பெட்ரூமில் எலும்பு, கதவு சாத்தி. குடும்பத்தோடு வெளியூர் கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. யாராவது ஒருவர் வீட்டில் தங்க வேண்டியிருக்கிறது. போன வாரம் சகலை சொன்னார்: ''இதெல்லாம் தெரிஞ்சிருந்தா வாங்கியிருக்க மாட்டேன், அண்ணா. ஆனா இப்போ குடுக்க மனசு வரலை.''

உங்களுக்கு அந்த நிலைமை வர வேண்டாம். அதனால் வாங்குவதற்கு முன் ஒரு சின்னப் பரீட்சை. கடையில் ஒரு சங்கிலி மட்டும் வாங்குங்கள். நாய் வேண்டாம். தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து, அந்தச் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் நடங்கள். சாயங்காலம் இன்னொரு முறை. மழை பெய்தாலும், ராத்திரி வேலை முடிந்து லேட்டாக வந்திருந்தாலும் சரி. 15 நாள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

16-வது நாள் காலையும் நீங்களாகவே எழுந்து கிளம்பினீர்கள் என்றால், போய் நாயை வாங்குங்கள். எழுந்திருக்க முடியவில்லையா? சங்கிலிக் காசோடு போயிற்று!